ஆறு பேரும் இரண்டு மூட்டையும்

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதையைச் சுயநலத்தோடுதான் எழுதுகிறேன். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்கு நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். எங்கள் விரிகுடாவிலிருந்து அங்கே போக ஒரே ஒரு பஸ். அதுவும் மூன்று மாதச் சோதனை ஓட்டம். நடைக்கு ஆறு பேராவது ஏறாவிட்டால் நிறுத்திவிடுவோம் என்று வட்டாரக் கவுன்சில் சொல்லியிருக்கிறது. பஸ் நின்றால் நான் வீட்டைப் பூட்டிக்கொண்டு நகரத்தில் ஓர் அறை பார்த்துப் போக வேண்டியதுதான். எனக்குப் போக விருப்பமில்லை. ஆகவே எழுத்தாளர் நடுநிலையாக இருப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள்.

2

தொடக்கம் ஒன்று: "கீழ்வானம் வெளுக்கும்போது கராரைனா அக்கா கடலுக்குள் மூழ்கி"

(அடித்துவிட்டேன். நான் அப்போது தூங்கிக்கொண்டிருந்தேன்.)

தொடக்கம் இரண்டு: "1840இல் எங்கள் பூர்வகுடித் தலைவர்கள் வெள்ளைக்கார அரசியின் ஆட்களோடு போட்ட ஒப்பந்தத்தில், மீன்பிடி இடங்கள் நாங்கள் விரும்பும்வரை எங்களுடையவையே என்று"

(இது வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. ஆனாலும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், தேவைப்படும்.)

தொடக்கம் மூன்று: பஸ் ஏன் காலியாக ஓடுகிறது?

இதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. எங்கள் ஊரில் நிறுத்தத்தில் ஒருவர் நிற்பதைப் பார்த்துவிட்டுக் காரில் கடந்து போவது மானக்கேடு. சொந்தக்காரர் நிற்கிறார், நீ பாட்டுக்குப் போகிறாயா? பஸ் வருவதற்குள் யாராவது ஒருவர் எல்லோரையும் அள்ளிக்கொண்டு போய்விடுவார். பஸ் வேண்டும் என்று வீடுவீடாகக் கையெழுத்து வாங்கிய கராரைனா அக்காதான் இதில் முதல் குற்றவாளி. ஆனால் அவரவருக்கு நகரத்தில் வேலை இருக்கும் நாளில்தானே கார் வரும்? என் சிறுநீரகத்துக்கு அந்த நியாயமெல்லாம் தெரியாது.

3

சோதனை ஓட்டத்தின் கடைசி வெள்ளிக்கிழமை. கவுன்சிலிலிருந்து ஆலிசன் என்ற அம்மாள் தலை எண்ண நேரில் வந்திருந்தார். நான் முதல் சீட்டில். டிரைவர் திபெனே என் தம்பி முறை. நிறுத்தத்தில் கராரைனா அக்கா, இன்னும் நனைந்த தலையோடு நான்கு முக்குளிப்பாளர்கள், சொட்டச் சொட்ட இரண்டு மூட்டை கீனா.*

எங்கள் விரிகுடாவில் விருந்துக்குக் கீனா எடுக்கப் பெர்மிட் எழுதித் தருவது அரசாங்கம் அல்ல, எங்களில் ஒருவர்தான். அந்த ஒருவர் அக்கா. யார் எடுக்கலாம், எத்தனை மூட்டை, எந்த விருந்துக்கு என்று தாளில் எழுதியிருக்கும். நகரத்தை ஒட்டிய சம்பந்தி வீட்டாரின் மராயேயில், அதாவது அவர்கள் குலத்தின் பொதுக்கூடத்தில், அன்று விருந்து. கடற்கரையிலிருந்து கைவீசிக்கொண்டு போனால் அதைவிட அவமானம் இல்லை. எல்லோரும் டிரக்கை வீட்டில் விட்டுவிட்டு பஸ்ஸில்தான் வர வேண்டும் என்பது அக்காவின் உத்தரவு. ஐந்து பேரும் நானும், ஆறு!

* கடலடிப் பாறையில் ஒட்டிக் கிடக்கும் முள்ளுருண்டைப் பிராணி. உடைத்தால் உள்ளே மஞ்சளாக இருக்கும். வாடை பற்றி எழுதினால் ஊரில் சண்டை வரும்.

4

"அக்கா, மூட்டை ஏறாது. சொட்டுற சாமான் ஏத்தக் கூடாதுன்னு ரூல்" என்றான் திபெனே.

(முதல் வரைவில் அவன் நடுங்கிக்கொண்டே சொன்னான். படித்துவிட்டு, "நான் எப்பக்கா நடுங்குனேன்? குளிருச்சு" என்றான். சரி, அவனுக்குக் குளிர்ந்தது.)

"டேய், உனக்கு நடக்கக் கத்துக்குடுத்தவகிட்டயே ரூல் பேசுறியா? பேப்பரும் மூட்டையும் எடுத்தவங்களும் ஒண்ணாத்தான் போகணும். மூட்டை ஏறலைன்னா நாங்க யாரும் ஏறலை."

சட்டத்தில் அப்படி இருக்கிறதா என்று நான் தேடவில்லை. அக்காவிடம் இருக்கிறது.

ஆலிசன் எட்டிப் பார்த்தார். "உங்க ஒப்பந்த உரிமையை நான் மதிக்கிறேங்க. ஆனா அதுல பஸ்ஸைப் பத்தி ஒண்ணும் இல்லையே?"

"எடுக்கலாம், ஆனா கொண்டுபோகக் கூடாதுன்னும் அதுல இல்லையேம்மா. பந்திக்குப் போய்ச் சேராத உரிமையை வச்சு நாங்க என்ன செய்ய, ஃப்ரேம் போட்டு மாட்டவா?"

(இந்த வரியை நான் எழுதியதாக நினைத்துப் பாராட்டாதீர்கள். அப்படியே அக்கா சொன்னது.)

மூட்டையோடு ஏற்றினால் ஆறு பேர், ஆனால் அதிகாரி கண்ணெதிரே விதிமீறல். மூட்டையை விட்டால் நான் ஒருத்தி. எப்படிப் பார்த்தாலும் என் பஸ் போச்சு.

5

அந்த நேரம் பார்த்து எங்கள் ஊர் எருவேராவின் டிரக் வந்து நின்றது. வழக்கம்போல.

"என்ன எல்லாரும் ரோட்டுல நிக்கிறீங்க? ஏறுங்க, ஏறுங்க!"

"நாசமாப் போச்சு! யாரு உன்னை நிக்கச் சொன்னா? போடா!" அக்கா துண்டை வீசி விரட்டினாள். அப்புறம் டிரக்கின் பின்பக்கம் பார்த்தாள். மூடிபோட்ட பெரிய ஐஸ் பெட்டி. "இரு, இரு. நாங்க வரலை. அந்தப் பெட்டியைக் குடு."

இரண்டு மூட்டையும் பெட்டிக்குள் போயின. மூடி இறுகியது. ஒரு சொட்டு இல்லை. ஆலிசன் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார். "பெட்டிதானே. ஏத்துங்க."

எருவேரா டிரக்கை ஓரம்கட்டிவிட்டுத் தானும் ஏறினான். "போன தடவை அக்கா வாங்குன பெட்டி ரெண்டு வருசம் கழிச்சுத்தான் திரும்பி வந்துச்சு. பெட்டி போற இடத்துக்கு நானும் வரேன்."

ஏழு! பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கதையை இங்கேயே முடித்துவிட ஆசைதான்.

6

ஆனால் நகரத்தில் இறங்குமுன் ஆலிசன் எல்லோரையும் பார்த்துக் கேட்டார்: "அறிக்கை எழுத அடுத்த வாரம் வரைக்கும் டைம் இருக்கு, அதுவரைக்கும் பஸ் ஓடும். இன்னைக்கு ஏழு பேர், சரி. திங்கட்கிழமை?"

எருவேரா பெட்டியைத் தட்டிக்கொண்டிருந்தான். அக்கா ஜன்னல் வழியே வெளியே பார்த்தாள்.

முடிவு அ: பஸ் நிலைக்கிறது. (எனக்குப் பிடித்தது. அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது.)

முடிவு ஆ: பஸ் நிற்கிறது, நான் நகரத்தில் ஓர் அறையில் (எழுத மாட்டேன்.)

7

இப்போது திங்கட்கிழமை, காலை ஏழு ஐம்பது. நிறுத்தத்தில் நோட்டை மடியில் வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். கராரைனா அக்காவின் டிரக் எனக்கு எதிரே வந்து நிற்கிறது. அவளுக்கு இன்று நகரத்தில் வேலை இருக்கிறது, எனக்குத் தெரியும். என் பக்கத்துக் கதவைத் திறந்தால், "ஏறுடி" என்று அர்த்தம். தன் பக்கத்துக் கதவைத் திறந்தால், இறங்கி வந்து என்னோடு பஸ்ஸுக்குக் காத்திருக்கப்போகிறாள்.

நான் தலை நிமிரவில்லை. கதவு திறக்கும் சத்தம் கேட்கிறது. எந்தக் கதவு என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.