மீன் தொட்டிக்குப் பக்கத்துல

சின்னவன் வெளிநாட்டு மாலுக்கு வேலைக்கு வந்ததுலேருந்து ஊர்ல இருக்கிற அண்ணி கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். "உங்க அண்ணன் போட்ட தரையைக் காட்டுங்க தம்பி."

அண்ணன் டைல்ஸ் போடுறவன். இந்த மால் எழும்பும்போது ரெண்டு வருஷம் இங்கதான் முட்டி போட்டுக் கெடந்தான். திறப்பு விழாவுக்கு முன்னாடி ஒருநாள் தூங்கப் போனவன் எந்திரிக்கல. வீட்டுக்குப் பெட்டிதான் போச்சு. அப்புறம் சின்னவன் கெளம்பி வந்தான், அதே மாலுக்கு, தரை துடைக்கிற மெஷின் ஓட்ட.

"அண்ணன் போட்டான், தம்பி துடைக்கிறான். குடும்பச் சொத்துடா!"ன்னு ரூம்ல கேலி பண்ணுவாங்க. அவனுக்குச் சிரிப்பும் வராது, கோவமும் வராது. எல்லாம் மரத்துப்போன கால் மாதிரி.

எந்தத் தரைன்னு யாருக்குத் தெரியும்? ஆரம்பத்துலேருந்து இருக்கிற செக்யூரிட்டி மீசைக்காரரைக் கேட்டான்.

"ஆயிரம் பேர் போட்டாங்கப்பா. தரை என்ன வாயைத் தொறந்து பேர் சொல்லப் போகுதா?"

அதனால அண்ணி வீடியோவுல கூப்பிடும்போதெல்லாம் வேற எதையாவது காட்டித் தப்பிச்சான். பனியில சறுக்குற இடம், பிள்ளைங்க ரயிலு, காரை எங்க விட்டோம்னு மறந்தவங்களுக்குன்னே ஒரு கவுண்டர்.

"மூணு மாடி உசரத்துக்கு மீன் தொட்டி அண்ணி! அந்தா போகுது பாருங்க, சுறா!"

"சுறா இருக்கட்டும் தம்பி. போனைக் கீழ காட்டுங்க."

காட்டினான்.

"அவரு கையால போட்டது ஒண்ணுகூட நம்ம வீட்டுல இல்ல. நம்ம வீடு இன்னமும் சிமெண்டுத் தரைதான்." அழாமத்தான் சொன்னாங்க.

"இதுதான் அண்ணி"ன்னுட்டான். வாய் தானா சொல்லிருச்சு.

"தொட்டுக் காட்டுங்க."

யூனிபார்மோட முட்டி போட்டு, வெள்ளைக் கல்லுல கையை வெச்சான். பிள்ளைவண்டி தள்ளிட்டு வந்த ஒரு குடும்பம் அவனைச் சுத்திப் போச்சு.

"மேடு பள்ளம் இல்லையே?"

"தண்ணி ஊத்தினா எந்தப் பக்கமும் ஓடாது அண்ணி."

"அவரு அப்படித்தான். சோத்துத் தட்டு கோணலா இருந்தாக்கூட நேரா வெச்சிட்டுத்தான் சாப்பிடுவாரு."

அதுலேருந்து வாராவாரம் லீவு நாள்ல அந்தக் கல்லைக் காட்டுறது வழக்கமாப் போச்சு.

பெறகு மாலைப் பெரிசு பண்ண ஆரம்பிச்சாங்க. கூரைக்குள்ளயே ஓடுற ராட்டினம் வரப் போகுதாம். மீனையெல்லாம் வேற எங்கயோ கொண்டுபோனாங்க. தொட்டியைச் சுத்தி தகரம் அடிச்சாங்க, அதுமேல சிரிக்கிற குடும்பம் ஒண்ணு படமா நின்னுச்சு. பின்னாடி தரையை உடைக்கிற சத்தம். தகரத்துக்கு அடியில வெள்ளைத்தூளா வரும். அதைத் துடைக்கிறது சின்னவன் வேலை. துடைச்சான். ஒண்ணும் தோணல. ஒண்ணும் தோணலையேங்கிறதுதான் பயமா இருந்துச்சு.

அண்ணி கூப்பிட்டா அவன் போனை எடுக்கவே இல்ல. கடைசியில எடுத்தப்போ, "உடம்புக்கு எதுவுமா தம்பி?"ன்னாங்க.

"நல்லா இருக்கேன் அண்ணி. இருங்க, காட்டுறேன்."

மாலோட இன்னொரு கோடிக்கு நடந்தான். பனி சறுக்குற இடத்துக்கு வெளிய முட்டி போட்டான். "இதோ."

அண்ணி போனைக் கிட்ட கொண்டுவந்து பார்த்தாங்க.

"மீன் தொட்டி எங்க?"

"எடுத்துட்டாங்க அண்ணி. பெரிசு பண்றாங்க."

"கல்லு வெள்ளையால்ல இருந்துச்சு?"

அது சாம்பல் நிறம். அவன் போனைத் தன் பக்கம் திருப்பினான். "லைட்டு அப்படித் தெரியுது அண்ணி."

அண்ணி கொஞ்ச நேரம் அவன் மூஞ்சியவே பார்த்தாங்க.

"சரி தம்பி. ரெண்டு வருஷம் போட்டாரு, ஒரே இடத்துலயா போட்டிருப்பாரு? கையை வைங்க."

வெச்சான்.

"சில்லுனு இருக்கா?"

கல்லு சில்லுனு இருக்கா, தன் கைதான் சில்லுனு இருக்கான்னு அவனுக்குத் தெரியல.

"இருக்கு அண்ணி."

"கொஞ்ச நேரம் எடுக்காதீங்க."

எடுக்கல.