யாரும் கேட்காத சம்மதம்

மெல்வினுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்று தெரிந்த அன்றே, கொடுக்கப்போவது விஜிலாதான் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அம்மா அந்தோணியம்மாள் அழுதபடியே பக்கத்து வீட்டில் சொன்னாள், "தங்கச்சிக்காரி இருக்கால்லா, குடுப்பா." மறு ஞாயிறு புன்னைக்காயல் கோயிலில் பூசை முடிந்ததும், பெண்கள் விஜிலாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

அண்ணன் மேல் அவளுக்குப் பாசம் இல்லாமல் இல்லை. புருஷன் விட்டுப்போய், கைப்பிள்ளையோடு அவள் வந்து நின்றபோது, ஊர் வாயை அடைத்தவன் மெல்வின்தான். அதனால்தான் அவளாலும் வாய் திறக்க முடியவில்லை. இறால் கம்பெனியில் ஐஸ் தண்ணீரில் கைவிறைக்க நிற்கும்போதெல்லாம், ஒற்றைச் சிறுநீரகத்தோடு இப்படி நிற்க முடியுமா என்று யோசித்தாள்.

தம்பி ரெக்சன் கப்பலிலிருந்து லீவில் வந்திருந்தான்.

"அவனுக்கும் அதே ரத்த குரூப்தானம்மா" என்றாள் விஜிலா ஒருநாள்.

அம்மா திடுக்கிட்டுப் பார்த்தாள். "ஒத்தக் கிட்னியோட அவன கப்பல்ல ஏத்துவானுவளா? அவன் பொழப்பு என்னாவது?"

"நானும் நாள் பூரா நின்னு வேலை பாக்கேன். என் பொழப்பு?"

"பொம்பளப் பிள்ளைக்கு என்னளா? கூடப்பொறந்தவ நீ."

ரெக்சன் போனிலிருந்து தலை நிமிரவில்லை.

மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜெபசுதா எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, விஜிலாவை எதிரே உட்காரவைத்தாள்.

"உங்களுக்கு இதுல விருப்பமா?"

விஜிலாவுக்குச் சட்டென்று அழுகை வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் அழுதாள். "பயமா இருக்கு டாக்டர். எனக்கு ஒண்ணுன்னா எம்பிள்ளைக்கு யாருமில்ல. இவங்க யாரும் எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல."

"வேண்டாம்னா, பொருந்தலன்னு மட்டும் வெளியே சொல்லிடுறேன். உங்கமேல பழி வராது."

நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியதுபோல் இருந்தது. ஆனால் அது கொஞ்ச நேரம்தான். அப்படிச் சொன்னால் ஊர் அவளை நல்லவள் என்றே சொல்லும். மனசு மறுத்ததை உடம்பின் குறையாக்கி விட்டுவிடலாம். அவளுக்கு ஒரு மனசு இருந்தது என்பது மட்டும் யாருக்கும் தெரியாமலே போகும்.

"பொய் வேண்டாம் டாக்டர். நானே சொல்லுதேன்."

வெளியே பெஞ்சில் மெல்வின் வீங்கிய கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தான்.

"அண்ணே, என்னால முடியாது. ரெக்சன்ட்ட கேளுங்க."

அம்மா அந்த வராந்தாவிலேயே அவள் கன்னத்தில் அறைந்தாள். "நீயெல்லாம் ஒரு பொம்பளையாளா?"

ரெக்சனிடம் யாரும் கேட்கவில்லை. அடுத்த வாரமே அவன் கப்பலுக்குப் போய்விட்டான். கம்பெனியில் லீவு கிடைக்கும் நாட்களில், அண்ணனோடு டயாலிசிஸுக்குத் தூத்துக்குடி வரை விஜிலாவும் போனாள். அண்ணி ஷெர்லி முகம் கொடுக்க மாட்டாள். ஒருநாள் ஊசி குத்திய கையை அசைக்காமல் படுத்திருந்த மெல்வின் மெதுவாகச் சொன்னான்.

"ஒன்ட்ட கேட்டிருக்கணும்ளா. கேட்டா மாட்டேன்னுருவியோன்னு பயம்."

"கேட்டிருந்தா என்ன சொல்லிருப்பேன்னு எனக்கே தெரியலண்ணே."

அவன் சிரிக்கப் பார்த்தான். இருமல்தான் வந்தது.

ஐப்பசி மழையில் மெல்வின் இறந்தான். ரெக்சனால் வரமுடியவில்லை. கல்லறைத் தோட்டத்தில் யாரோ போனை உயர்த்திப் பிடித்து அவனுக்கு வீடியோவில் காட்டினார்கள். "அழாதய்யா, நடுக்கடல்ல கெடந்து பிள்ள என்ன செய்வான்" என்று பெண்கள் போனுக்குள் அவனைத் தேற்றினார்கள். விஜிலாவைச் சுற்றி மட்டும் இடம் விட்டு நின்றார்கள். அவள் மண்ணள்ளிப் போட வந்தபோது அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எல்லோரும் போனபின்பும் அவள் அங்கேயே நின்றாள். முடியாது என்று சொன்னது தப்பா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். தப்பு என்று மனசு சொல்லவில்லை. அண்ணன் இல்லை என்பதுதான் தாங்கமுடியவில்லை. நனைந்த மண்ணில் உட்கார்ந்து, அன்று முழுக்க அடக்கிவைத்ததையெல்லாம் சத்தம்போட்டு அழுது தீர்த்தாள்.