கூப்பன் கட்டும் மூன்று குத்தும்

கூப்பன் சேர்க்கத் தொடங்கிய முதல் சனிக்கிழமையே அவளுக்கு உதடு கிழிந்தது.

சோப்புத்தூள் பாதி விலை என்று சூப்பர் மார்க்கெட்டில் எழுதிப் போட்டிருந்தார்கள். ஷட்டர் இடுப்பளவு ஏறியதுமே கூட்டம் குனிந்து உள்ளே பாய்ந்தது. எல்லோரும் போகட்டும் என்று ஒதுங்கி நின்றவள், கடைசியாகப் போய்ச் சேர்ந்தபோது அடுக்கில் நாலு பாக்கெட்தான் மிச்சம். ஒன்றைத் தொட்டாள். யாருடைய முழங்கையோ வாயில் வந்து இடித்தது. பல் உதட்டில் இறங்கியது. கண்ணைத் திறந்து பார்த்தால் பாக்கெட்டும் இல்லை, இடித்தவளும் இல்லை.

வெளியே ரெண்டு கையிலும் பையோடு நின்ற அண்ணி அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"கையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னா கன்னத்துல முத்தமா குடுப்பாங்க? முழங்கையை வெளிய வச்சு நில்லு. எவளாவது தள்ளினா திருப்பித் தள்ளு. சாரி எல்லாம் அப்புறம் சொல்லிக்கலாம்."

அண்ணி என்றால் அவள் புருஷனின் அக்கா. அச்சகம் ஒன்றில் தரை துடைக்கிறவள். தனி ஆள். தம்பி கூரை மாட்டப் போன இடத்தில் தகரத்தோடு சரிந்து விழுந்து இடுப்பெலும்பு உடைந்து படுத்ததிலிருந்து, அவள்தான் ரெண்டு நாளைக்கு ஒருமுறை வந்து எட்டிப் பார்த்தாள். வேலை கொடுத்த காண்ட்ராக்டர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இவளோ பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை நீராவி உருளையில் கொடுத்து எடுக்கிறவள். அந்த ஒரு சம்பளத்தில் வீடு, மருந்து, ரெண்டு பெண் பிள்ளைகள். மாசத்தின் மூன்றாவது வாரம் வந்தாலே ஷாம்பு பாட்டிலில் தண்ணீர் ஊற்றிக் குலுக்க வேண்டியிருந்தது.

அன்று சாயங்காலம் அண்ணி சமையலறைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பாடம் எடுத்தாள்.

"முதல்ல அலமாரியைத் திற. எது தீரப்போகுதுன்னு எழுது. அதுக்கு மட்டும் கூப்பன் தேடு. கூப்பன் இருக்கேன்னு வாங்கக் கூடாது, தீருதேன்னு வாங்கணும். நான் முதல் வருஷம் நாய் பிஸ்கட் பதினோரு டப்பா வாங்கி வச்சிருந்தேன்."

"உங்ககிட்டதான் நாயே இல்லையே அண்ணி?"

"அதைத்தான் சொல்றேன். பக்கத்து வீட்டு நாய் இன்னைக்கும் என்னைப் பார்த்தா வாலாட்டும்."

பேப்பரோடு வெள்ளிக்கிழமை வரும் வண்ண இணைப்பில்தான் கம்பெனிக் கூப்பன் இருக்கும். அதை உடனே கொண்டுபோய் நீட்டக் கூடாது. கடைக்காரனே அந்தப் பொருளுக்குத் தள்ளுபடி போடுகிற வாரம் வரை காத்திருந்து, தள்ளுபடிக்கு மேல் கூப்பனையும் நீட்ட வேண்டும். அப்போதுதான் விலை இறங்கும். ஒரு பொருளுக்கு ஒரு கூப்பன்தான். நாலு பாக்கெட் வேண்டுமென்றால் நாலு கூப்பன், அதாவது நாலு பேப்பர்.

"நாலு பேப்பர் வாங்கவே காசு போயிடுமே?" என்று கட்டிலிலிருந்து புருஷன் கேட்டான்.

"நீ படுத்திரு," என்றாள் அக்காக்காரி.

அண்ணிக்கு வழி தெரிந்திருந்தது. ஊரில் விற்காமல் மிஞ்சிய பேப்பரெல்லாம் சனிக்கிழமை காலையில் ரயில் பாதை ஓரத்துப் பழைய பேப்பர் கிடங்குக்கு வந்து சேரும். அங்கே எடை போடுகிறவர் மூச்சிரைப்புக்காரர். குனிந்து நிமிர முடியாது. அண்ணியும் அவளும் ரெண்டு மணி நேரம் பேப்பரை வேறு, வழுவழுப்புத் தாளை வேறு என்று பிரித்துப் போட்டால், கூலிக்குப் பதிலாக ஒரு கட்டு இணைப்பு எடுத்துக்கொள்ளலாம். பேச்சு அவ்வளவுதான். மூவருக்கும் சம்மதம்.

ரெண்டு மாசத்தில் அவள் தேறிவிட்டாள். ஷட்டர் ஏறும்போது முன் வரிசையில் நின்றாள். முதுகில் கை வைத்தவளின் காலை ஒருநாள் செருப்போடு அழுத்தி மிதித்தாள். அந்தப் பெண் ஐயோ என்று கத்தியது காதில் விழுந்தும் திரும்பவில்லை. பில் போடும் பெண் கூப்பன்களை ஒவ்வொன்றாக அடிக்க அடிக்கத் திரையில் தொகை சரிந்துகொண்டே போனதைப் பார்த்தபோது, புருஷன் விழுந்த நாளுக்குப் பிறகு முதல்தடவையாக அவளுக்கு மூச்சு முழுசாக வந்தது.

அப்புறம்தான் தொப்பிக்காரன் வந்தான்.

வெயில் கொளுத்தினாலும் கம்பளித் தொப்பியைக் கழற்றாத ஆள். நாலு தெரு தள்ளி மூலைக்கடை வைத்திருந்தான். ஆட்களை விட்டுக் கூப்பனில் சாமான் அள்ளி, தன் கடையில் முழு விலைக்கு விற்பான். கிடங்கின் விஷயம் எப்படியோ அவன் மூக்குக்கு எட்டிவிட்டது. ஒரு சனிக்கிழமை அவர்கள் ரெண்டு மணி நேரம் பிரித்துப் போட்டு நிமிர்ந்தபோது, அவன் வேனைப் பின்பக்கமாக உள்ளே கொண்டுவந்து நிறுத்தினான்.

எடைபோடுகிறவர் அவர்கள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "இன்னைக்குக் கட்டு இல்லம்மா. மொத்தமா அவரு பேசிட்டாரு."

"பேசிக்கட்டும். நாங்க வேலை செஞ்ச கட்டு எங்களுது," என்றாள் அண்ணி. ஒரு கட்டைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

தொப்பிக்காரன் வந்து கட்டைப் பிடித்து இழுத்தான். அண்ணி விடவில்லை. அவன் அவள் தோளில் அறைந்தான். அப்போதும் விடவில்லை. வயிற்றில் முட்டியால் ஏற்றினான். அண்ணி மடிந்து கீழே விழுந்தாள், கட்டின் மேலேயே. சணல் கயிற்றுக்குள் விரல்கள் மாட்டியிருந்தன.

"விடுடி! பிச்சைக்கார நாயே!"

"என் வேலைடா அது!"

அவன் பூட்ஸ் காலைத் தூக்கி அந்தக் கையின் மேல் இறக்கினான். காய்ந்த குச்சி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அண்ணி கத்தவில்லை, வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. அவன் மறுபடி காலைத் தூக்கினான்.

மூட்டைகளை இழுக்கிற கொக்கி ஒன்று தராசின் மேல் கிடந்தது. மரப்பிடி, சாண் நீளத்தில் வளைந்த இரும்பு. பக்கத்தில் நின்றிருந்தவள் அதை எப்போது எடுத்தாள் என்று அவளுக்கே பிறகு எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. அவன் தொடையில் இறங்கியதுதான் ஞாபகம். துணி, அப்புறம் சதை, அப்புறம் ஏதோ கெட்டியாக. உருவினாள். அவன் திரும்பி முகத்தை மறைக்கக் கையை உயர்த்தினான். ரெண்டாவது குத்து அந்தக் கையில். அவன் விழுந்தான். தொப்பி கழன்று உருண்டது. உள்ளே வழுக்கைத் தலை, வெள்ளை வெளேரென்று, குழந்தைத் தலை மாதிரி இருந்தது. "வேணாம்மா, வேணாம்" என்று சொல்லிக்கொண்டே வேனுக்கு அடியில் ஊர்ந்து போகப் பார்த்தான். அவன் கால்கள் மட்டும் வெளியே இருந்தன. அவள் ரெண்டு அடி எடுத்து வைத்து, குதிகாலுக்கு மேலே பார்த்து மூன்றாவதைக் குத்தி, இழுத்தாள்.

அவன் போட்ட கூச்சலில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கமிருந்துகூட ஆள் ஓடி வந்தது. எடைபோடுகிறவர் சுவரோடு ஒட்டிக்கொண்டு மூச்சுக்குத் திணறினார். அவள் கொக்கியைத் தராசின் மேலேயே திரும்ப வைத்தாள். முள் லேசாக ஆடி நின்றது.

போலீஸ் அவளைக் கொண்டுபோனது. அன்று சாயங்காலமே தொப்பிக்காரனின் மச்சான் ரெண்டு பேரோடு வீட்டுக்கு வந்து கதவை உதைத்துத் திறந்தான். அலமாரியில் அடுக்கியிருந்த எண்ணெயையும் சோப்புத்தூளையும் தரையில் கொட்டி மிதித்தார்கள். கட்டிலில் கிடந்தவனை அவனுடைய ஊன்றுகோலாலேயே அடித்து ரெண்டு விலா எலும்பை உடைத்தார்கள். பிள்ளைகள் குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தன.

ஜாமீனில் வந்தவள் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஒரே வார்டில் தம்பி ஒரு கட்டிலில், அக்கா ஒரு கட்டிலில். விரிப்புகளின் ஓரத்தில் சலவைக்கூடத்து முத்திரை இருந்தது. அண்ணியின் வலது கை கட்டுக்குள் தலையணை மாதிரி வீங்கியிருந்தது. மூன்று விரல் இனிமேல் மடங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"உட்காரு," என்றாள் அண்ணி. "முதல் குத்து எனக்காக. சரி. ரெண்டாவதும் அப்படியே வச்சுக்கலாம். மூணாவது யாருக்காக?"

அவள் விரிப்பின் ஓரத்து முத்திரையை விரலால் தேய்த்தாள்.

"அவன் வேனுக்கு அடியில போயிட்டான். நான் பார்த்துக்கிட்டுத்தான் கிடந்தேன். உன் மூஞ்சியையும் பார்த்தேன்."

"எப்படி இருந்துச்சு அண்ணி?"

"தூங்கி எழுந்த மாதிரி இருந்துச்சு. நல்லாத் தூங்கி எழுந்த மாதிரி."

அவள் அழுதாள். அண்ணி இடது கையால் அவள் தலையைப் பிடித்து, தடவிக் கொடுக்கவில்லை, சும்மா பிடித்துக்கொண்டிருந்தாள்.

வழக்குக்கு வந்த இலவச வக்கீல் கெட்டிக்காரர். தற்காப்பு என்று சொல், ஒரே தடவை வீசினேன், மற்றதெல்லாம் இழுபறியில் பட்டது என்று சொல், வெளியே வந்துவிடலாம் என்றார். எடைபோடுகிறவரும் சரியாகப் பார்க்கவில்லை என்றே சாட்சி சொன்னார். அவள் முறை வந்ததும் நீதிபதி எத்தனை தடவை என்று கேட்டார்.

"மூணு. மூணாவதுக்கு அவசியம் இல்லைங்க."

வக்கீல் பேனாவை மூடிவிட்டார்.

அவளுக்கு எட்டு மாசம். கையை மிதித்ததற்குத் தொப்பிக்காரனுக்கு ஐந்து. மச்சானுக்கு ஒரு வருஷம். தொப்பிக்காரன் இனி சாகும்வரை காலை இழுத்துத்தான் நடக்க வேண்டும். சலவைக்கூடத்தில் அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. பிள்ளைகள் அண்ணி வீட்டுக்குப் போனார்கள்.

ராத்திரியில் அவளுக்கு அந்த வழுக்கைத் தலைதான் வந்தது. "வேணாம்மா" என்று அவன் சொன்னது வந்தது. அதைவிட மோசமானது ஒன்று உண்டு, அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை: சில நாள் ஜெயில் வேலைக்கூடத்தில் யாராவது இடித்துக்கொண்டு போனால், உள்ளங்கை தானாக மூடி ஒரு மரப்பிடியைத் தேடியது. அப்போதெல்லாம் ரெண்டு கையையும் அக்குளில் வைத்துக்கொண்டு, அது அடங்கும்வரை அசையாமல் நிற்பாள்.

ஐந்தாவது மாசம் புருஷன் தானாக நடந்து பார்க்க வந்தான். கம்பிக்கு அந்தப் பக்கம் உட்காருவதற்குள் வியர்த்துவிட்டது. முகம் சிவந்திருந்தது.

"என்ன ஆச்சு?" என்றாள்.

"அக்காவால முடியலன்னு நான் போனேன், சூப்பர் மார்க்கெட்டுக்கு. கூப்பனை நீட்டறேன், செல்லாதுங்கறா அந்தப் பொண்ணு. ஏன்னு கேட்டா பின்னால நிக்கறவனுங்க எல்லாம் முனகறானுங்க. நான் கத்திட்டேன். வாட்ச்மேன் வந்து சட்டையைப் பிடிச்சு வெளிய தள்ளினான். நொண்டின்னுகூடப் பார்க்கல. அங்கேயே ஒண்ணு விட்டிருக்கணும் அவன் மூஞ்சில!"

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "விட்டியா?"

"இல்ல."

"நிஜமா?"

"இல்லன்னு சொல்றேன்ல. வந்துட்டேன்."

அவள் கம்பியிலிருந்து மெதுவாகக் கையை எடுத்தாள்.

"என்ன வாங்கப் போன?"

"பேஸ்ட். சின்னதா ரெண்டு."

"கூப்பன்ல அளவு போட்டிருக்கும். படத்துக்குக் கீழ, பொடி எழுத்துல. பெரிய பேஸ்ட்டுக்குக் குடுத்தது சின்னதுக்குச் செல்லாது."

அவன் சட்டைப் பையில் துழாவிக் கசங்கிய கூப்பனை எடுத்து, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான்.

"ஆமா," என்றான். "போட்டிருக்கு."

"நாளைக்குப் போ. கூட்டம் குறைஞ்ச நேரமாப் பார்த்துப் போ. அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடு."

"என்னன்னு?"

"நான்தான் சரியாப் படிக்கலன்னு."

அவன் முணுமுணுத்தான். பிறகு தலையாட்டினான். நேரம் முடிந்தது என்று வார்டர் சொல்லும்வரை, வீட்டில் இன்னும் என்னென்ன தீர்ந்துபோயிருக்கிறது என்று அவன் ஒவ்வொன்றாகச் சொல்ல, அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.