முதல் நாற்று முடி

மார்கழிப் பனி இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. அழகிரி வரப்பில் குந்தி ஒரு கதிரைப் பிடித்து இழுத்தான். கழுத்தில் கறுத்திருந்த இடத்தில் ஒடிந்து கையோடு வந்தது. அத்தனையும் பதர்.

பயிருக்கு யோசனை சொல்ல வரும் கிராம சேவக் தைரியராஜ் சைக்கிளை மேட்டில் சாய்த்துவிட்டு வந்து பார்த்தார்.

"குலை நோய்ங்க. பக்கத்து வயல்லயும் இதே வெதைதானே? அவங்க ஆவணியில நட்டாங்க, பனிக்கு முன்னாடியே கதிர் முத்திப்போச்சு. உங்களுது பனியிலயும் மேக மூடாப்புலயும் வெளிய வந்திருக்கு. ஏங்க இவ்ளோ தாமசமா நட்டீங்க?"

"தண்ணி வரலீங்க."

வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடியதை அவரும் பார்த்தவர்தான். மேலே கேட்காமல் போய்விட்டார், நல்ல மனுஷன்.

உள்ளதைச் சொல்ல முடியுமா? திருவானைக்காவலுக்குக் கிழக்கே அவர்கள் பக்கத்தில், வயல்காரன் வீட்டுக்காரி முதல் நாற்று முடியை, அந்த முதல் கட்டை, நட்ட பிறகுதான் மற்றப் பெண்கள் வயலில் இறங்குவார்கள். அவன் பெண்டாட்டி வள்ளிக்கண்ணு, ஆனியில் ஒரு வாய்ச்சண்டையில் உப்பிலியபுரத்துக்கு, தாய்வீட்டுக்குப் போனவள். நடவுக்கு எப்படியும் வந்துவிடுவாள் என்று இருந்தான். "உன் தங்கச்சி காளியாயிய வெச்சு நட்டுடேன்யா" என்று ஊரே சொல்லிற்று. அந்த முடியை இன்னொருத்தி கையில் கொடுத்தால் வள்ளிக்கண்ணு இனி வரவே மாட்டாள் என்று அவனுக்கு என்னமோ பட்டது. போய்க் கூப்பிடலாம்தான், வீம்பு பிடித்த ஆளுக்குக் கால் எழவில்லை. நாற்று முற்றிப்போய், புரட்டாசிக் கடைசியில் அந்த முதல் முடியை அவனே இறங்கி நட்டான். அன்றைக்குச் சோறு ஆக்கவில்லை. தனியாக உட்கார்ந்து சாப்பிடப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

பொங்கலுக்கு முன்னே ஒரு சாயங்காலம் அவளே வந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கி, துணிமூட்டையை இடுப்பில் வைத்தபடி ரோட்டிலேயே நின்றாள். அழகிரி வரப்பிலிருந்து ஓடினான். அவள் கண் வயல்மேல் இருந்தது. வெயில் சாயும் நேரத்தில் அது வெளுத்து, தூரத்துக்கு அறுவடைக்கு நிற்பதுபோலவே தெரிந்தது.

"நல்லாத்தான் வெளைஞ்சிருக்கு," என்றாள். "நா இல்லாமலே."

மூட்டையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, பஸ் வரும் பக்கம் திரும்பினாள்.

அவன் வயலில் இறங்கி ஒரு கதிரைப் பறித்துவந்து அவள் கையில் வைத்தான்.

கனமே இல்லை. அவள் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, ஒரு நெல்லை நகத்தால் நசுக்கினாள். உமி. அடுத்ததும். கதிரின் நுனி வரைக்கும் ஒவ்வொன்றாய் நசுக்கிப் பார்த்துக்கொண்டே போனாள்.