பென்சில் குறியிட்ட இடம்

குடும்ப நீதிமன்றத்துக்கு எதிரே தட்டச்சுக் கடை வைத்திருந்தவளுக்கு விவாகரத்து மனு என்பது மனப்பாடம். தன்னுடையதையும் அவளே அடித்தாள். கணவன்தான் அடிக்கச் சொன்னான். ஒன்பது ஆண்டுகளாக அவனுடைய படிவங்களையெல்லாம் நிரப்பியவள் அவள். அவள் பென்சிலால் குறியிட்ட இடத்தில் கையெழுத்திடுவதோடு அவன் கடமை தீர்ந்துவிடும்.

“ஒரு தடவை படிச்சுப் பாத்துடுங்க.”

“நீ அடிச்சதுல நான் என்னத்தப் படிக்கறது? எங்க போடணும், சொல்லு.”

சொன்னாள்.

இருவரும் இசைந்து தரும் மனுவில் எந்த நாள் முதல், எதனால் பிரிந்திருக்கிறார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆறு மாதம் கழித்து நீதிபதி இருவரையும் அழைத்து, மனுவிலுள்ளது உண்மைதானா என்று கேட்பார். ஒருவர் மறுத்தாலும் மனு தள்ளுபடி. மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அந்த ஆறு மாதமும் அவள் வன்மத்தை அடைகாத்தாள். மனுவுக்கு ஓராண்டுக்கு முன், வேலை முடிந்து திரும்பிய ஒரு மாலையில் அவளுடைய சாவி வீட்டுப் பூட்டில் திரும்பவில்லை. கதவைத் தட்டத் தட்ட, உள்ளே மாமியார் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டிக்கொண்டே போனாள். மறுநாளே மருமகள் எவனோடோ ஓடிப்போனதாகத் தெருவெல்லாம் பேச்சு.

விசாரணையன்று மாமியார் முன்வரிசையில் அமர்ந்திருந்தாள். மகனுக்கு அடுத்த மாதமே மறுமணம் நிச்சயமாகியிருந்தது.

நீதிபதி நிதானமாக வாசித்தார். “‘மனைவி வேலைக்குச் சென்றிருந்தபோது கணவர் வீட்டுப் பூட்டை மாற்றி, அவரை உள்ளே விட மறுத்தார். அன்று முதல் பிரிந்து வாழ்கிறோம்.’ இது உண்மைதானா?”

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் மேசைமேலிருந்த மனுவைப் பார்த்தாள்.

“இல்லைன்னா சொல்லிடுங்க. மனுவைத் தள்ளிடறேன்.”

அவன் முணுமுணுத்தான். “உண்மைதாங்க.”

“சத்தமா.”

“உண்மைதாங்க.”

விவாகரத்து கிடைத்தது. வராந்தாவில் மாமியார் மகனைப் பிடித்துக்கொண்டாள். “படிக்காமலாடா கையெழுத்துப் போட்ட?”

“எப்பவும் அவதாம்மா பாத்துப்பா.”

“சரி, தொலையட்டும். நாலு சுவத்துக்குள்ள சொன்னது வெளிய யாருக்குத் தெரியப்போகுது?”

பின்னால் வந்துகொண்டிருந்த அவளுக்கு அது கேட்டது. நேரே நகல் பிரிவுக்குப் போனாள். அங்கிருந்த எழுத்தர் தினமும் அவள் கடைக்கு வந்துபோகிறவர்.

“தீர்ப்பு நகல் ஒண்ணு போதும்ல அக்கா?”

“மனுவோட சேத்து, முத்திரை வச்சு, பதினொண்ணு.”

“ஊருக்கே பத்திரிகை வைக்கப் போறீங்களா?”

“ஊருக்கு எதுக்கு? அந்தத் தெருவுல பதினோரு வீடுதான்.”