இரண்டு கையும் சிவந்தால் குற்றவாளி யார்?

ஆய்வுக்கூட மேசைமேல் பத்துக் கைகள் நீண்டிருந்தன. பத்தும் தக்காளியைப் பார்த்து, 'நீயெல்லாம் ஒரு சிவப்பா?' என்று கேட்கும் நிறத்தில் இருந்தன.

சோதனைக்காரிக்குத் தலை கிறுகிறுத்தது. முகக் களிம்புக் கம்பெனியின் பேக்கிங் பெண்கள் ஐந்து பேருக்கும் இடது கையில் புது இலைச்சாறு கலந்த களிம்பு, வலது கையில் சாறில்லாத வெறும் களிம்பு. ஆளுக்கு இரண்டு டப்பா கொடுத்து அவர்களையே பூசிக்கொள்ளச் சொல்லியிருந்தாள்; எதில் சாறு என்று சொல்லவில்லை. சாறு பொல்லாதது என்றால் இடது கைதானே சிவக்க வேண்டும்? வெறும் களிம்போ பச்சைக் குழந்தைக்கே தடவுகிற பரம சாது. அது ஏன் இப்படிக் கடித்தது? வெயிலா, சோப்பா, தண்ணீரா? யோசிக்க யோசிக்க மூளை இடியாப்பச் சிக்கலாயிற்று.

"ரெண்டும் ஒண்ணுபோல இருந்தா சாறு மேல தப்பில்லன்னுதானே அர்த்தம்? கையெழுத்தப் போடும்மா, நாளைக்குச் சரக்கு கடைக்குப் போகணும்" என்றார் முதலாளி. அவளுடைய பெரியப்பாவும் அவர்தான்.

"குழப்பமா இருக்கு பெரியப்பா."

"குழம்பறதுக்கா உன்னப் படிக்க வச்சேன்? இலைம்மா இது! ஆடு தின்னுட்டு நல்லாத்தானே திரியுது?"

"ஆடு மூஞ்சில பூசிக்கலையே!"

ஆனாலும் பேனாவை எடுத்துவிட்டாள். பெரியப்பா சொல்வதும் சரிதானோ? ஊரிலுள்ள முகங்களெல்லாம் அந்தப் பேனா முனையில் தொங்கிக்கொண்டிருந்தன.

அப்போது, வாய் ஓயாததால் 'ரேடியோ' என்று பெயர் வாங்கிய பெண், முழங்கையைச் சொறிந்தபடி கேட்டாள்: "பாப்பா, இலை வாசன வர்ற டப்பா இன்னொண்ணு தர்றியா? தீந்துபோச்சு."

"ஒரு கைக்கு மட்டும்தானே? அதுக்குள்ள எப்படித் தீரும்?"

"ஒத்தக் கை மட்டும் பளபளன்னு ஆனா பாக்கறவங்க சிரிக்க மாட்டாங்க? எல்லாருமே ரெண்டு கைக்கும் அதையேதான் போட்டோம். இன்னொண்ணத் திறக்கவே இல்ல."

"அடிப்பாவிகளா! அரிச்சப்பவாவது நிறுத்தக் கூடாதா?"

"முதலாளிதானே வாசல்ல ஒட்டியிருக்காரு, 'இயற்கை, ஒரு கெடுதலும் வராது'ன்னு! அழுக்கு வெளிய வருதுன்னு நெனச்சோம். நாளைக்கு மூஞ்சிக்கும் போடலாம்னு இருந்தேன்."

சோதனைக்காரி பேனாவை மூடினாள். பெரியப்பா அந்தப் பத்துக் கைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். விறுவிறுவென்று வாசலுக்குப் போய் விளம்பரத்தைக் கிழித்தார். கிழித்த வேகத்தில் பாதிச் சுவரே பெயர்ந்து வந்தது. திரும்பி வந்தவரின் குரல் இறங்கியிருந்தது.

"முதல்ல இவங்கள டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போம்மா. விஷமும் செடியிலதான் வெளையுது. இயற்கைங்கற ஒரே காரணத்துக்காக எதையும் தோல்ல தடவக் கூடாது. சோதிக்காமலே நல்லதுன்னு சொல்லி விக்கறவன், என்னையும் சேத்துத்தான் சொல்றேன், மருந்து விக்கல, பொய்ய விக்கறான்."