தாத்தா விழுந்த கதையில் ஒரு ஷூ குறைகிறது

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அப்பா சறுக்குமரத்தில் கணுக்காலை உடைத்துக்கொண்டார். வயது எழுபத்தொன்று. கேட்கிறவர்கள் முதலில் "ஐயோ" என்பார்கள். அடுத்த விநாடியே "சறுக்குமரத்துலயா?" என்று கேட்டுவிட்டு உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குவார்கள். பத்து வாரமாக இந்த இரண்டையும் வரிசை மாறாமல் கேட்டு அலுத்துவிட்டது. எல்லோருக்கும் சேர்த்து ஒரேயடியாக எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

என் பிழைப்பும் எழுத்துதான். மிக்ஸி, வாஷிங் மெஷின், இஸ்திரிப்பெட்டி வாங்கினால் கூடவே ஒரு சின்னப் புத்தகம் வருமே, யாரும் பிரித்துப் பார்க்காமல் அட்டைப்பெட்டியோடு பரணில் போடுவார்களே, அதை எழுதுகிறவள் நான். "ஈரக்கையால் தொடாதீர்கள்" என்ற வாக்கியத்தை நானூறு தடவையாவது எழுதியிருப்பேன். கதை எழுதுவது இதுதான் முதல் தடவை. தடுமாறிய இடங்களை அழிக்காமல் அப்படியே விட்டுவைக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

"அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை பூங்காவில் மெல்லிய காற்று—"

வேண்டாம். காற்று அடித்ததா இல்லையா என்று எனக்கு என்ன தெரியும்? நான் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது:

"முப்பத்துநாலு வருஷம் லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்து, ஊரில் உள்ள மாடியெல்லாம் ஏறி இறங்கியவர், கடைசியில் ஆறடி உயரத்தில்—"

இதுவும் வேண்டாம். அப்பா படித்தால் ஒரு வாரத்துக்கு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

மூன்றாவது தேறுகிறது:

"ஓய்வுபெற்ற லிஃப்ட் இன்ஸ்பெக்டர் ஒருவர், அவரே வாங்கிய புது ஷூவை மாட்டிக்கொண்டு, ஆறு வயதுப் பேத்தியைத் தெருமுனைப் பூங்காவுக்குக் கூட்டிப்போனார். சறுக்குமரத்தின் உச்சியில் பேத்தி தடுமாறினாள். பிடிக்கப் போனவர் விழுந்தார்."

விழுந்த விதம் இதுதான் என்று ஆஸ்பத்திரியில் சக்கர நாற்காலியில் இருந்தபடி அப்பா சொன்னார். டாக்டர் எழுதிக்கொண்டார். நான் நம்பினேன். சொந்தக்காரர்களுக்கு போனில் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது.

3

பேத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மகள். வீட்டில் அவளுக்குச் சுண்டெலி என்று பெயர். இண்டு இடுக்கு எதையும் விடமாட்டாள். ஜன்னல் கம்பி, அலமாரித் தட்டு, மாடிப்படிக் கைப்பிடி, எல்லாவற்றிலும் ஏறியிருக்கிறாள். இறக்கிவிடுவதுதான் எனக்கு முழுநேர வேலை.

(இப்படி ஒரு குழந்தை ஆறடிச் சறுக்குமரத்தில் தடுமாறுமா? கதாபாத்திரம் உதைக்கிறதே என்று எனக்கு அன்றைக்கே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.)

அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும். நாலு பேர் பார்க்க அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"உன்னைப் பிடிக்கப் போய்த்தானே தாத்தா விழுந்தாரு? எத்தனை தடவை சொல்றது, அடங்கி இருன்னு!"

அவள் எதுவோ சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். மூன்றடி தள்ளிச் சக்கர நாற்காலியில் இருந்த அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் வாயையே திறக்கவில்லை.

4

இனி குணமானதைப் பற்றி. ஆறு வாரம் மாவுக்கட்டு. அப்புறம் வாக்கர். அப்புறம் கைத்தடி. கட்டு பிரித்தபோது உள்ளே இருந்த கால் வேறு யாருடையதோ போல மெலிந்து, வெளிறி, சுருங்கிக் கிடந்தது. அப்பா அதைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

பயிற்சி கொடுக்க வாரம் மூன்று நாள் பிசியோ வருவார். சின்ன வயசுப் பெண், குரலில் மட்டும் ஹெட்மாஸ்டர்.

"வலது காலை ஊனுங்க ஐயா. தைரியமா ஊனுங்க."

"எவ்வளவு எடை தாங்கும்னு முதல்ல சொல்லும்மா."

"உங்க கால்தானே ஐயா?"

"யார் காலா இருந்தா என்ன? எத்தனை கிலோன்னு போர்டு இல்லாம நான் எதுலயும் ஏத்தினது கிடையாது."

பிசியோ என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

கால் தேறிக்கொண்டே வந்தது. தேறாதது சுண்டெலிதான். தாத்தா அறை வாசல்வரைக்கும் வருவாள், நிலைப்படியைத் தாண்ட மாட்டாள். தண்ணீர் கொடுக்கச் சொன்னால் தரையில் வைத்துத் தள்ளிவிடுவாள். பள்ளிக்கூடத்திலிருந்து டீச்சர் கூப்பிட்டுச் சொன்னார்: மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்குகிறாளாம், விளையாட்டு மைதானத்தில் எதையும் தொடுவதில்லையாம்.

ஒருநாள் கேட்டேன். அவள் மூச்சுவிடாமல் சொன்னாள்.

"நான் மேல நின்னேன். என் கால் வழுக்குச்சு. தாத்தா ஓடி வந்தாரு. நான் அவர் மேல விழுந்தேன். அப்ப டொக்குனு ஒரு சத்தம் கேட்டுச்சு."

அடுத்த வாரம் கேட்டபோது அந்தச் சத்தத்தோடு ஒரு காக்காவும் சேர்ந்திருந்தது. அவள் பொய் சொல்லவில்லை. நடந்ததைப் பார்த்தவள் மாதிரியே சொன்னாள்.

5

இந்த இடத்தில் கதையில் ஒரு வாட்ச்மேன் வருகிறார். நான் வரவழைக்கவில்லை. எட்டாவது வாரம், காய்கறிப் பையோடு பூங்காவைத் தாண்டும்போது அவராகவே கைதட்டிக் கூப்பிட்டார். தன் கூண்டுக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து நீட்டினார்.

"ஐயாவோட ஷூம்மா. ஆம்புலன்ஸ்ல ஏத்தும்போது தூக்கிப் போட்டுடச் சொன்னாரு. புத்தம் புதுசா இருக்கே, மனசு வரல."

வலது கால் ஷூ. ஆஸ்பத்திரியில் என்னிடம் கொடுத்தது இடது காலுடையதை மட்டும்தான். இன்னொன்று தொலைந்துவிட்டது என்று அப்பா சொல்லியிருந்தார்.

"பாப்பா எப்படிம்மா இருக்கு? பாவம், அன்னைக்கு ஊஞ்சல்ல உக்காந்து அப்படி அழுதுச்சு."

"ஊஞ்சல்லயா?"

"ஆமா. ஐயா அதை அங்க உக்கார வெச்சிட்டுத்தானே தனியா ஏறினாரு! இந்த வயசுல எதுக்கு ஐயான்னு கேட்டேன். 'நீ சும்மா இருப்பா'ன்னாரு."

ஷூவைத் திருப்பிப் பார்த்தேன். ரப்பர் அடிப்பாகத்தின் ஓரம் முழுக்கச் சிவப்புப் பெயிண்ட் இழுபட்டிருந்தது. சறுக்குமரம் இருக்கும் நிறம்.

6

வீட்டுக்கு வந்து ஷூவை அப்பாவின் கட்டிலில் வைத்தேன். அவர் அதைத் திருப்பி அடிப்பாகத்தைப் பார்த்தார். பிறகு ஆய்வறிக்கை வாசிக்கிற குரலில் சொன்னார்.

"அந்த வாரம்தான் புதுத் தகடு மாத்தி பெயிண்ட் அடிச்சிருந்தாங்க. ஒரு போல்ட் ஆடுச்சு. பிள்ளையை எப்படி ஏத்துறது? நான் ஒரு தடவை போய்ப் பாத்துட்டேன், அவ்வளவுதான்."

இது அவர் தொழில் பழக்கம். ரிப்பேர் முடிந்த லிஃப்டில் முதலில் அவர் மட்டும் தனியாக ஏறி, உச்சி மாடிவரை போய் இறங்குவார். "ஆள் ஏறுறதுக்கு முன்னாடி நான் ஏறணும்" என்பார். முப்பத்துநாலு வருஷத்தில் ஒரு லிஃப்டும் அவரைக் கைவிட்டதில்லை.

"போல்ட் தாங்குச்சா?"

"ஜம்முனு தாங்குச்சு. ஷூதான் ஓரத்தைக் கவ்விடுச்சு. கால் அங்கயே நின்னுடுச்சு, நான் மட்டும் கீழ போயிட்டேன்."

சிரித்திருக்கலாம். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

"அப்ப ஏன்ப்பா சுண்டெலி மேல சொன்னீங்க?"

"அவமேல எங்க சொன்னேன்? பிடிக்கப் போனேன்னுதானே சொன்னேன். கௌரவமா இருக்கட்டுமேன்னு..." மென்று விழுங்கினார். "சின்னப் பிள்ளை, நாலு நாள்ல மறந்துடும்னு நெனச்சேன். ஷூன்னு சொன்னா நீ மறக்க மாட்டியேம்மா."

7

வாசகரே, கொஞ்சம் இரண்டாம் பகுதிக்குத் திரும்பிப் போய் வாருங்கள். "அவரே வாங்கிய புது ஷூ" என்று எழுதியிருக்கிறேன் அல்லவா? அது பொய். வாங்கியது நான்.

குளியலறையில் ஒருமுறை அவருக்குக் கால் வழுக்கியது. அடி ஒன்றும் படவில்லை. நான்தான் வீட்டை இரண்டாக்கினேன். கடையில் அரைநாள் நின்று, இருப்பதிலேயே நன்றாகப் பிடிக்கிற ஷூவாகப் பார்த்து வாங்கி வந்தேன். "சோப்புத் தண்ணில நின்னாக்கூட வழுக்காது மேடம்" என்றார் கடைக்காரர். அப்பா மாட்டேன் என்று அடம்பிடித்தார். இருபது வருஷம் போட்ட தோல் செருப்புதான் வேண்டும் என்றார். வழவழவென்று தேய்ந்த அந்தச் செருப்பை, அவரைக் கேட்காமல், நானே குப்பைவண்டியில் போட்டேன்.

அந்தச் செருப்போடு ஏறியிருந்தால் அவர் ஒழுங்காகச் சறுக்கி வந்திருப்பார்.

(ஷூவோடும் ஒரு சின்னப் புத்தகம் வந்தது. நான் பிரிக்கவில்லை.)

"அவரே வாங்கிய" என்ற இரண்டு சொற்களை ஏன் எழுதினேன்? கதையில் இது ஒரு சின்ன விவரம்தானே, யார் வாங்கினால் என்ன, என்று எனக்கு நானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டேன். அப்பாவும் இதையேதான் செய்தார். அவர் என்னைக் காப்பாற்ற ஒரு வரியை மாற்றினார். அந்த வரியை வாங்கி நான் என் மகள் தோளில் வைத்து உலுக்கினேன். அவள் அதை நிஜமென்று எடுத்துக்கொண்டு, கூடவே ஒரு காக்காவையும் சேர்த்துக்கொண்டாள். எங்கள் குடும்பத்தில் நல்ல கதைசொல்லி அவள்தான் போலிருக்கிறது. வெட்கமாக இருக்கிறது.

8

முடிவு. இரண்டு வைத்திருந்தேன்.

முதலாவதில், தாத்தா உண்மையைச் சொல்கிறார், பேத்தி அவரைக் கட்டிக்கொள்கிறாள், சறுக்குமரத்தில் ஏறி "ஓ" என்று கத்திக்கொண்டு இறங்கு— இல்லை. இது விளம்பரத்தில்தான் நடக்கும்.

இரண்டாவதில், யாரும் எதுவும் சொல்வதில்லை. அவள் வளர்ந்து, முதல் மாடிக்குக்கூட லிஃப்டில்தான் போகிறா— இதை எழுதும்போது கை நின்றுவிட்டது.

ஆகவே நடந்ததை எழுதுகிறேன். பத்தாவது வாரம், போன ஞாயிறு, மூன்று பேரும் பூங்காவுக்குப் போனோம். அப்பா கைத்தடியோடு சறுக்குமரத்தின் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தார். சுண்டெலி எட்டி நின்றாள். அவர் பையிலிருந்து ஷூவை எடுத்தார்.

"இங்க பாரு சுண்டெலி. அன்னைக்கு நீ ஊஞ்சல்ல இருந்த. தாத்தாதான் தனியா ஏறினேன். உன்னைப் பிடிக்க வந்தேன்னு சொன்னது பொய்."

"இல்ல தாத்தா. நான் விழுந்தேன். எனக்கு ஞாபகம் இருக்கு."

அப்பா சிவப்பு ஓரத்தை அவளுக்குக் காட்டினார். இது எங்கே ஒட்டியது, கால் எப்படி நின்றது, எல்லாவற்றையும் விரலால் வரைந்து காட்டினார். அவள் பக்கத்தில் வந்தாள். பெயிண்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். சறுக்குமரத்தின் ஓரத்தில் அதே சிவப்பு தேய்ந்திருந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அங்கே ஷூவை வைத்துச் சரிபார்த்தாள். தாத்தாவின் பேத்திதான், சந்தேகமே இல்லை.

"அப்ப நான் விழலையா?"

"நீ விழவே இல்லடா கண்ணு."

அவள் ஏணிக்குப் போனாள். முதல் படியில் ஒரு காலை வைத்தாள். அங்கேயே நின்று திரும்பினாள்.

"அப்ப யார் மேல தப்பு? இந்த ஷூவை யாரு வாங்குனா?"

அப்பா "நான்தா—" என்று ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அவளும் என்னைப் பார்த்தாள்.

நான் என்ன சொன்னேன் என்பதை ஐந்து விதமாக எழுதிப் பார்த்துவிட்டேன். ஐந்திலும் நான் ரொம்ப நல்லவளாக வருகிறேன். அதனால் என்னை நம்ப வேண்டாம். இரண்டாம் பகுதியில் "அவரே வாங்கிய" என்ற அந்த இரண்டு சொற்களும் இன்னும் அப்படியேதான் இருக்கின்றன. பேனாவை எடுத்து அவற்றை அடிப்பதா, விட்டுவிடுவதா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். கொஞ்சம் சீக்கிரம். அவள் ஒற்றைக் காலில் நிற்கிறாள்.